பின்னால் போட்ட கொம்பு

(புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்களுக்காக மாவட்ட மைய நூலக அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த ஆண்டு பணியில் சேர்ந்திருக்கிற தம்பி தங்கைகளில் பாதிப் பேருக்கு முதல் சம்பளம் இன்னும் ஏறியிருக்காது. ஏறும், கவலைப்படாதீர்கள். கருவூலத்துக்கும் நமக்கும் உள்ள உறவு எப்போதுமே அப்படித்தான்.

1988 ஜூன் மாதம் நான் வேலையில் சேர்ந்தேன். தாமிரபரணிக் கரையில் பிறந்தவனுக்கு வட ஆற்காட்டில், ஜவ்வாது மலை அடிவாரத்தில், ஈராசிரியர் பள்ளி ஒன்றில் போஸ்டிங். தலைமையாசிரியர் நல்ல மனிதர். முதல் நாள் என் கையில் மூன்று பொருள்களைக் கொடுத்தார்: வருகைப் பதிவேடு, சாக்பீஸ் பெட்டி, ஒரு மூங்கில் குச்சி. "சத்தம் வெளிய வராம பாத்துக்குங்க சார். மத்ததெல்லாம் தானா வந்துடும்" என்றார். அடுத்த பஸ்ஸைப் பிடித்துச் சம்பளப் பட்டியல் கொடுக்கப் போய்விட்டார். நான்கு, ஐந்து வகுப்புப் பிள்ளைகள் என் முன்னால். "என்னலே செய்யுத?" என்று ஒரு பையனைக் கேட்டேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவர்கள் அப்படி ஒரு தமிழைக் கேட்டதேயில்லை. அந்தச் சிரிப்புக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லிக்கொடுக்கவில்லை. குச்சியைப் பார்த்தேன். குச்சி என்னைப் பார்த்தது.

அந்த முதல் ஆண்டு முழுவதும் நான் பாடம் நடத்துவதை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரி பிள்ளைகளிடம் வாய்ப்பாடு கேட்டார். பாடக்குறிப்பு ஏட்டில் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேனா என்று பார்த்தார். போட்டிருந்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நானும் யாருடைய வகுப்பையும் பார்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியர் என்ன செய்கிறார் என்பது அவர் குரல் உயரும்போது மட்டும் தெரியும்.

மற்ற தொழில்களை நினைத்துப் பாருங்கள். தையற்கடைக்கு வேலைக்குப் போகிற பையன் முதலில் காஜா எடுக்கிறான், பட்டன் கட்டுகிறான். துணியில் கத்திரி வைக்க அவனுக்கு ஆண்டுக்கணக்கு ஆகும். நாகசுரம் கற்கப் போனவன் குருவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒத்து ஊதுகிறான். சட்டம் படித்தவர் சீனியரின் கட்டுகளைச் சுமந்து கோர்ட்டுக்கு நடக்கிறார். மருத்துவர் ஹவுஸ் சர்ஜன் ஆகிறார். நம் தொழிலில் மட்டும் 30 ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு என்ன வேலையோ அதே வேலை, அதே எண்ணிக்கைப் பிள்ளைகளோடு, நேற்றுச் சேர்ந்தவருக்கும். பல பள்ளிகளில் எந்த வகுப்பை மூத்தவர்கள் வேண்டாம் என்று தள்ளினார்களோ அதுதான் புதியவருக்கு. சத்தம் போடும் வகுப்பு, 'ஸ்லோ லேனர்ஸ்' என்று ஒதுக்கிவைத்த பிரிவு, ஒழுகும் கூரை உள்ள அறை. இங்கே சிலர் தலையாட்டுகிறீர்கள்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த டான் லார்ட்டி என்ற சமூகவியலாளர் 1975-இல் பள்ளி ஆசிரியர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பள்ளிக்கூடத்தை முட்டை அட்டைக்கு ஒப்பிட்டுப் பேசுகிற வழக்கம் கல்வி உலகில் அந்தப் புத்தகத்தோடு பரவியது. நீங்கள் மளிகைக் கடையில் பார்க்கிற அதே அட்டைதான். ஒவ்வொரு குழியிலும் ஒரு முட்டை. ஒன்றோடொன்று இடிக்காது, உடையாது. ஆனால் ஒன்றுக்கு மற்றொன்று இருப்பதும் தெரியாது. லார்ட்டி இன்னொன்றும் சொன்னார். பள்ளிப் படிப்பை முடிக்கும்போது ஒருவர் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார் என்று அமெரிக்கக் கணக்கு ஒன்றைப் போட்டார். ஆசிரியர் வேலையை நாம் கற்றது அந்த பெஞ்சில்தான். ஆனால் பெஞ்சிலிருந்து தெரிவது ஆசிரியரின் கையும் வாயும். அவர் ஏன் அந்தக் கணக்கை முதலில் போட்டார், ஏன் அந்தப் பிள்ளையைக் கேட்காமல் இவளைக் கேட்டார் என்பதெல்லாம் பெஞ்சில் இருப்பவருக்குத் தெரியாது. அதனால்தான் டி.டி.எட்., பி.எட். எல்லாம் முடித்து, உளவியல் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, வகுப்பில் சத்தம் கூடினால் நம் நான்காம் வகுப்பு சார் அடித்த மாதிரியே மேசையைத் தட்டுகிறோம். அவருடைய இருமல்கூட எனக்கு வந்திருந்தது.

சைமன் வீன்மன் என்ற டச்சு ஆய்வாளர் 1984-இல், புதிய ஆசிரியர்கள் எதில் திணறுகிறார்கள் என்று பல நாடுகளில் நடந்த 83 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். வகுப்பைக் கட்டுக்குள் வைப்பதுதான் முதலிடம். பிள்ளைகளுக்கு ஆர்வமூட்டுவது, ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைச் சமாளிப்பது, பெற்றோருடன் பழகுவது எல்லாம் அதன் பின்னால் வரிசையில் நின்றன. நம் ஊரில் இந்தப் பட்டியலோடு இன்னும் சில உண்டு. தெற்கு மாவட்டத்தில் பிறந்து வடக்கு மாவட்டத்துக்குக் கலந்தாய்வில் வந்தவருக்கு வாடகை வீடு வேண்டும், சாப்பாடு வேண்டும். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்த டீச்சருக்கு இரவில் தூக்கம் வேண்டும். எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் வருகை ஏற்ற சிக்னல் வேண்டும். இதையெல்லாம் வாய்விட்டுப் பேச ஓர் ஆள் வேண்டும்.

பேச ஆள் கிடைத்தால் மட்டும் போதுமா? போதாது. நானும் பேச ஆள் தேடினேன். பஸ் நிறுத்தத்தில் நாலு ஆசிரியர்கள் கிடைத்தார்கள். அகவிலைப்படி எப்போது வரும், யாருக்கு மாறுதல் கிடைத்தது, எந்த ஆபீசில் எந்த கிளார்க் நல்லவர் என்று பேசினோம். நல்ல பேச்சு, நல்ல மனிதர்கள். ஆனால் இரண்டு ஆண்டுப் பேச்சில் ஒரு பிள்ளையின் பெயர்கூட வந்ததாக நினைவில்லை. வந்திருந்தால் "அந்தத் தறுதலை" என்றுதான் வந்திருக்கும்.

என்னை மாற்றியது ஒரு வேப்பமரத்தடி. 1990-களின் நடுவில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தமிழ்நாட்டில் எங்கள் பக்கம் வந்திருந்த நேரம். அந்தத் திட்டத்துக்கும் மரத்தடிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் பயிற்சி, கூட்டம் என்று ஆசிரியர்கள் ஒருவரையொருவர் சந்திக்க அது வழி செய்தது. அப்படிச் சந்தித்த ஐந்து பேர், மாதம் இரண்டு சனிக்கிழமை, ஒரு பள்ளியின் மரத்தடியில் கூட ஆரம்பித்தோம். எங்களில் மூத்தவர் ஓர் அம்மா. எல்லோருக்கும் அவர் 'அக்கா'. அக்கா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். வெறுங்கையோடு வரக் கூடாது, பிள்ளைகளின் நோட்டோடு வரணும்.

ஒரு சனிக்கிழமை, வேலையில் சேர்ந்து ஏழெட்டு மாதமே ஆன ஒரு டீச்சர், இரண்டாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தியின் நோட்டைக் கொண்டுவந்தார். சொல்வதெழுதுதல். பெட்டி, தேள், மேகம், கொக்கு. அந்தப் பிள்ளை பெட்டி என்று எழுதும்போது முதலில் 'ப' போட்டு, அதற்குப் பின்னால் கொம்பைப் போட்டிருந்தாள். தேளுக்கும் மேகத்துக்கும் அதே மாதிரி. கொக்குக்கு 'க' போட்டு, அப்புறம் கொம்பு, அப்புறம் கால். ஒன்றிரண்டு இடத்தில் அல்ல, ஏடு முழுக்க அப்படியே.

"அம்பது தடவை இம்போசிஷன் எழுத வச்சேன். அம்பது தடவையும் சரியா எழுதினா. மறுநாள் டிக்டேஷன் போட்டா பழையபடி பின்னாடி போடுறா. கவனமே இல்ல, அக்கா."

எங்களில் ஒருவர் "வீட்ல சொல்லிக்கொடுக்க ஆளிருக்காது" என்றார். நான், "கண் டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்றேன். எனக்கு அப்போதெல்லாம் எதற்கும் கண் டெஸ்ட்தான். அக்கா எதுவும் சொல்லாமல் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "பாட்டு, கிளி, பூவு இதெல்லாம் சரியா எழுதியிருக்காளே, பாத்தீங்களா?"

பார்த்தோம். ஒரு தவறு இல்லை.

"இப்ப எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு 'பெ'ன்னு மெதுவா இழுத்துச் சொல்லுங்க. காதுல முதல்ல எது விழுது?"

சொன்னோம். 'ப்' விழுந்தது. அதற்குப் பிறகு 'எ' விழுந்தது.

"அவ காதுல விழுந்த வரிசையில எழுதியிருக்கா. எழுத்துதான் வரிசை மாறி நிக்குது" என்றார் அக்கா.

யோசித்துப் பாருங்கள். கால், விசிறி, சுழி எல்லாம் எழுத்துக்குப் பின்னாலோ மேலேயோ கீழேயோ வருகின்றன. கை அந்த எழுத்தை எழுதிவிட்டுத்தான் அவற்றைப் போடுகிறது. ஒலியும் அப்படியே. கொம்பு மட்டும்தான் பின்னால் ஒலித்துவிட்டு முன்னால் வந்து நிற்கிறது. ஏழு வயதுப் பிள்ளை தமிழ் எழுத்துக்குத் தானாக ஒரு விதியைக் கண்டுபிடித்து, அதைப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறாள். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது ணா, றா, னாவை எல்லாம் ஒழுங்குபடுத்தினார்கள். கொம்பு நின்ற இடத்திலேயே நின்றது. அது நம் மொழியின் பழைய பழக்கம். அந்தப் பழக்கத்தை அவளிடம் யாரும் சொல்லவில்லை. இம்போசிஷன் எழுதும்போது அவள் பார்த்து எழுதினாள், சரியாக வந்தது. டிக்டேஷனில் கேட்டு எழுதினாள், காது சொன்ன வரிசையில் வந்தது. கவனக்குறைவு எங்கே இருக்கிறது இதில்?

அடுத்த அரை மணி நேரம், இதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று ஐந்து பேரும் யோசித்தோம். எழுத்தட்டைகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்து வரிசையாக நிற்க வைப்பது, 'கொம்பன் அவசரக்காரன், எப்பவும் முந்திக்கிட்டு வந்து நிப்பான்' என்று ஒரு விளையாட்டாக்குவது என்று முடிவாயிற்று. அந்த டீச்சர் மறுவாரம் அதைச் செய்தார். நான்கு பிள்ளைகளுக்கு அதே சிக்கல் இருந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. இரண்டு வாரத்தில் கொம்பு முன்னால் வந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் அவர், "அந்த இம்போசிஷன் நோட்டைக் கிழிச்சுப் போட்டுடலாமாக்கா?" என்று கேட்டார். "வேணாம். அது உங்க நோட்டு. வச்சுக்குங்க" என்றார் அக்கா.

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது அந்த மரத்தடியில் நடந்ததைத்தான். அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் அந்த டீச்சரைப் பற்றிப் பேசவில்லை. அவருக்குத் திறமை இருக்கிறதா, அவர் ஏன் இம்போசிஷன் கொடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை. நடுவில் கிடந்தது பிள்ளையின் நோட்டு. எல்லாக் கண்களும் அதன்மேல். புதியவருக்கு வெட்கப்பட நேரமில்லை. மூத்தவருக்கு உபதேசிக்க வாய்ப்பில்லை.

இதையே ஒரு நாடு முழுவதும் தொழில் வழக்கமாக வைத்திருக்கிறது. ஜப்பானில் அதன் பெயர் ஜுக்யோ கென்க்யூ. ஜுக்யோ என்றால் வகுப்பில் நடக்கும் பாடம், கென்க்யூ என்றால் ஆய்வு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், மெய்ஜி காலத்தில், வேர்விட்ட பழக்கம். ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் கூடி ஒரே ஒரு பாடவேளைக்கு வாரக்கணக்கில் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்துகிறார். மற்றவர்கள் வகுப்பின் ஓரத்தில் நின்று, ஆசிரியரை அல்ல, பிள்ளைகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறார்கள். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்தது, எது பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்தது என்று. மாலையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். 1999-இல் ஸ்டிக்லர், ஹீபர்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் எழுதிய புத்தகத்தின் வழியாகத்தான் வெளியுலகம் இதைப் பரவலாக அறிந்தது.

அவர்கள் எதைப் பேசுவார்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தலைத் தொடங்க வேண்டும். எந்தக் கணக்கோடு தொடங்குவது? நாம் கைக்கு வந்ததைப் போடுவோம். அங்கே அது ஒரு மாலைப்பொழுதையே எடுத்துக்கொள்ளும் விவாதம். 13-இலிருந்து 9-ஐ எடுக்கச் சொன்னால், பிள்ளை 13-ஐ 10-ஆகவும் 3-ஆகவும் பிரித்து, 10-இல் 9 போனால் 1, அதோடு 3, ஆக 4 என்று போக வாய்ப்பு அதிகம். 12-இலிருந்து 3-ஐ எடுக்கச் சொன்னால், முதலில் 2-ஐ எடுத்து 10-க்கு வந்து, அங்கிருந்து இன்னும் 1-ஐ எடுத்து 9 என்று இறங்கும். இரண்டும் சரியான வழி. ஆனால் நீங்கள் கரும்பலகையில் எழுதும் முதல் எண்ணே பிள்ளையை ஒரு வழியில் திருப்பிவிடுகிறது. இதை ஒரு புதிய ஆசிரியர் தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்க எத்தனை ஆண்டாகும்? அந்த அறையில் 20 ஆண்டு ஒன்றாம் வகுப்பு எடுத்தவர் ஒருவர் இருந்தால் ஒரு மாலையில் தெரிந்துவிடும்.

கரும்பலகையைப் பற்றி ஒரு வார்த்தை, தலைப்பை விட்டு விலகினாலும். ஜப்பானிய ஆசிரியர் பலகையில் எதை எங்கே எழுதுவது என்பதையும் முன்கூட்டியே திட்டமிடுகிறார். அதற்கு பான்ஷோ என்று தனிப் பெயரே உண்டு. பாடவேளை முடியும்வரை கூடியமட்டும் அழிப்பதில்லை. மணி அடிக்கும்போது அன்றைய பாடம் முழுக்கப் பலகையில் இருக்கும். நான் டஸ்டரை வைத்துக்கொண்டு பரபரவென்று அழித்த பலகைகளை நினைத்து இப்போது வெட்கப்படுகிறேன்.

அங்கே 1988-இல் சட்டம் திருத்தி, 1989 முதல், புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு முதலாண்டு முழுவதும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். நான் மூங்கில் குச்சி வாங்கியதும் அந்த 1988-இல்தான். சட்டத்தைவிட எனக்குப் பிடித்தது அவர்களுடைய ஆசிரியர் அறை. பள்ளியின் எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரே பெரிய அறை, வகுப்பு வாரியாக மேசைகளைச் சேர்த்துப் போட்டிருப்பார்கள். ஒன்றாம் வகுப்பு எடுப்பவர்கள் ஒருவருக்கொருவர் முகம் பார்த்து உட்காருகிறார்கள். நம் ஊர்த் தொடக்கப் பள்ளிகளில் ஸ்டாஃப் ரூமே கிடையாது. டிபன் பாக்ஸைத் திறக்க வகுப்பு மேசைதான்.

ஜப்பானைச் சொன்னால் உடனே "அது ஜப்பான், இது நம்ம ஊர்" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்காக ஒரு பழைய கதை. சென்னை எழும்பூரில் 1789-இல் ஆண் குழந்தைகளுக்கான ஓர் அநாதை இல்லத்துக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். போதிய ஆசிரியர் இல்லை. நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளைய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்த வேலைதான் அது. 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் பரவியது. சகாவிடமிருந்து கற்பதை உலகுக்கு ஏற்றுமதி செய்த ஊர் நம்முடையது. பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்துவிட்டு, வாத்தியார்களுக்குக் கொடுக்க மறந்துவிட்டோம்.

அரசு மறக்கவில்லை என்றும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1966-இல் அறிக்கை தந்த கோத்தாரி ஆணையம், ஓர் உயர்நிலைப் பள்ளியைச் சுற்றி உள்ள தொடக்கப் பள்ளிகளை ஒரு வளாகமாக இணைக்கச் சொன்னது. பிறகு வட்டார வள மையம் வந்தது, குறுவள மையம் வந்தது. ஆக, சேர்ந்து உட்காரப் பாய் விரித்தாயிற்று. அதில் என்ன நடக்கிறது? ஒருவர் படவீழ்த்தியில் சுற்றறிக்கையை ஓட்டுகிறார். 40 பேர் பார்க்கிறார்கள். பின்வரிசையில் நோட்டுத் திருத்தும் வேலை நடக்கிறது. அதாவது பிள்ளைகளின் நோட்டுகள் கூட்டத்துக்கு வந்துவிட்டன, பின்வரிசைக்குத்தான் வந்திருக்கின்றன! வாட்ஸ்அப் குழுவைக் கேட்கவே வேண்டாம். காலை வணக்கப் படத்துக்கும் 'உடனடி, மிக அவசரம்' சுற்றறிக்கைக்கும் நடுவில் ஒரு பிள்ளைக்கு அங்கே இடமில்லை.

ஹார்கிரீவ்ஸ் என்ற கல்வியாளர் இப்படி மேலிருந்து உத்தரவு போட்டு உருவாக்கும் சேர்க்கையைத் திணித்த தோழமை என்று விமரிசித்தார். அவருடைய முதற்பெயர் ஆண்டி. ஆண்டிகள் கூடி மடம் கட்டிய கதை நமக்குத் தெரியும் என்பதால் அவர் சொன்னது எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் போனால் இந்த உரை நேர்மையாக இருக்காது. பிற்காலத்தில் நான் ஒரு வள மையத்தில் மாற்றுப் பணியில் இருந்தேன். மரத்தடி அனுபவத்தை அங்கே கொண்டுவர ஆசைப்பட்டு, மாதக் கூட்டத்தில் எல்லோரும் மனம்விட்டுப் பேசலாம் என்றேன். ஓர் இளைஞர் எழுந்தார். "என் மூணாம் வகுப்புல பதினோரு பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரல சார். என்ன செய்யிறதுன்னு தெரியல" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கூட்டம் வெற்றி என்று நினைத்தேன். வழக்கப்படி மினிட்ஸ் எழுதினேன், அவர் பெயரோடு, 11 என்ற எண்ணோடு. மினிட்ஸ் மேலே போயிற்று. இரண்டு வாரத்தில் அவருக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. அடுத்த மாதம் அவர் கூட்டத்துக்கு வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். "பிள்ளைகள் எப்படி இருக்காங்க?" என்றேன். "எல்லாரும் நல்லா படிக்கிறாங்க சார்" என்றார். அதன் பிறகு நான் அங்கே இருந்தவரை அந்தக் கூட்டத்தில் படிக்கத் தெரியாத பிள்ளை ஒன்றுகூட இருந்ததில்லை.

அந்த மினிட்ஸை எழுதியவன் நான். மேலே இருப்பவர்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அன்றிலிருந்து ஒன்றில் பிடிவாதமாக இருக்கிறேன். பிள்ளைகளின் நோட்டைப் பார்க்கும் குழுவுக்குப் பதிவேடு வேண்டாம், போட்டோ வேண்டாம், அங்கே ஆய்வு அலுவலர் உட்கார வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும், நல்லவர் முன்னாலும் ஆள் தன் வகுப்பை அழகுபடுத்தித்தான் சொல்வான். அலுவலர்கள் இங்கே சிலர் வந்திருக்கிறீர்கள், கோபிக்க வேண்டாம். உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்தக் குழு கூட ஒன்றரை மணி நேரத்தை வேலை நேரத்துக்குள் ஒதுக்கிக் கொடுப்பது.

வேலை நேரத்துக்குள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ராஜஸ்தான், உத்தராகண்ட் பகுதிகளில் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளையின் துணையோடு ஆசிரியர்கள் விருப்பத்தின் பேரில் மாலையிலும் விடுமுறையிலும் கூடுகிறார்கள். அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் நாங்களும் இரவு 9 மணிக்குக் கூடினவர்கள்தான். உற்சாகமாக இருக்கும். ஆனால் யார் கூடினோம்? ஆண்கள். தொடக்கப் பள்ளிகளில் பெரும்பான்மை பெண்கள். நாலு மணிக்கு மணி அடித்ததும் அவர்களுக்கு அடுத்த பஸ், அடுத்த அடுப்பு, அடுத்த பள்ளியிலிருந்து தங்கள் பிள்ளை. எங்கள் அக்காகூடச் சனிக்கிழமை மரத்தடிக்கு வருவதற்கு வெள்ளி இரவே மாவாட்டி வைத்துவிட்டு வந்தது பல ஆண்டு கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. மனமிருந்தால் மார்க்கமுண்டு என்று மேடையில் சொல்வது எளிது. அந்த மனதுக்குப் பின்னால் ஊறப்போட்ட அரிசியும் இருக்கிறது.

இன்னொன்று, குழுவில் முதலில் வகுப்பைத் திறந்து காட்ட வேண்டியவர் மூத்தவர். நாம் தலைகீழாகச் செய்கிறோம். புதியவரை 'மாதிரி வகுப்பு எடு' என்று நிறுத்திவைத்து, சுற்றி உட்கார்ந்து குறை சொல்கிறோம். பெண் பார்க்கும் படலத்துக்கும் அதற்கும் அதிக வித்தியாசமில்லை. அக்கா எங்கள் முதல் கூட்டத்தில் தன் நோட்டைத்தான் காட்டினார். தான் சொல்லிக்கொடுத்தும் வகுத்தல் புரியாத ஒன்பது பிள்ளைகளின் நோட்டு. 22 ஆண்டு அனுபவசாலிக்கு வகுத்தல் சொல்லிக்கொடுக்க வரவில்லையென்றால் எனக்கு வராதது பாவமில்லை என்று அந்தப் புதிய டீச்சருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். கொம்பு நோட்டை அவர் கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான்.

சென்னை மாநகராட்சியில் 2003-இல் பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தாங்களே படிப்படியாகக் கற்கும் செயல்வழிக் கற்றலை 13 பள்ளிகளில் தொடங்கியபோதும் எங்கள் மரத்தடியில் இருந்தது போல ஒரு சூடு இருந்தது. ஆசிரியர்கள் ரிஷிவேலிப் பள்ளிக்குப் போய்ப் பார்த்தார்கள், திரும்பி வந்து சேர்ந்து உட்கார்ந்து அட்டைகளை உருவாக்கினார்கள். ஒவ்வோர் அட்டைக்குப் பின்னாலும் ஒரு வாக்குவாதம் இருந்தது. நான்கைந்து ஆண்டில் திட்டம் மாநிலம் முழுவதும் போயிற்று. எங்களுக்கு அட்டைகள் வந்தன, வாக்குவாதம் வரவில்லை. கற்றல் ஏணியின் எத்தனையாவது படியில் எந்த அட்டை என்று மனப்பாடம் செய்தோம். நல்ல அட்டைகள்தான். மாவும் அரைத்துக் கொடுத்து இட்லியும் ஊற்றிக் கொடுத்தால் சமைக்கத் தெரிந்தவளுக்கும் கை மறந்துவிடும்.

நேரமாகிவிட்டது. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், எனக்கும் 8.40-க்குக் கடைசி பஸ். கேள்வி நேரம் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. கேள்வி நான் கேட்கிறேன்.

உரைக்கு முன்னால் தேநீர் குடிக்கும்போது ஒரு தங்கை தயங்கித் தயங்கி ஒரு கணக்கு நோட்டைக் காட்டினார். அவர் அனுமதியோடு, பிள்ளையின் பெயரை மறைத்து, அதில் இருப்பதை இந்தப் பலகையில் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்புப் பையன். டீச்சர் எண்களைச் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறான். நாற்பத்தைந்து, 45 என்று எழுதிவிட்டான். அறுபது, 60. நூறு, 100. இருநூறு, 200. முந்நூற்று நான்கு என்று சொன்னதற்கு இப்படி எழுதியிருக்கிறான்: 3004. அடுத்து ஐந்நூற்று இருபது. அதற்கு 50020.

டீச்சர் இரண்டுக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டிருக்கிறார். நாளை முதல் பீரியட் அவருக்குக் கணக்கு. மூத்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பின்வரிசையில் அந்தச் சன்னலோரம் இருக்கிற தம்பி, நீங்கள் சொல்லுங்கள். இந்தப் பையன் காதில் என்ன விழுந்தது?